துணை அட்டை

டிலக்சன் இரண்டு கடதாசிகளை மேசையில் விரித்துவிட்டு
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துப் போனான்.
டை கட்டின பிள்ளை.
அடுத்த வீட்டுப் படலையை அவன் தட்டுவது
இன்னும் கேட்கிறது.

நீல அட்டை: சுப்பர் மார்க்கெற்றில் வாங்கினால்
நூற்றுக்கு ஐந்து திரும்பி வரும்,
சனி ஞாயிறு மட்டும்.
சாம்பல் அட்டை: எங்கே வாங்கினாலும், எந்த நாளும்
நூற்றுக்கு ஒன்று.
வருடக் கட்டணம் மூவாயிரம் என்ற வரியை வாசிக்க
எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

பிஸ்கற் தகரத்தைக் கவிழ்த்தேன்.
போன மாதத்துத் துண்டுகள்.
பால்மா, மைசூர்ப் பருப்பு, சவர்க்காரம், திரும்பவும் பால்மா.
பதினெட்டாயிரத்து நானூறு.

மிச்சத்துக்குத் துண்டே இல்லை.
திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்காரி
ஈரக் கையால் மிச்சக் காசு தருவாள்,
தாள் நெடுக மண் மணக்கும்.
பாசையூரில் வாய் திறந்து கிடக்கும் விளைமீனுக்கு
ஆர் பில் அடிப்பது?
நினைவிலிருந்து எழுதினேன்:
மீன் பதினோராயிரம், மரக்கறி ஒன்பது,
தேங்காய் முப்பது, ஒன்று இருநூறு படி...
அந்த இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது.

ஆக, மெஷின் இருக்கிற கடை ஒன்றே ஒன்று.
சாம்பல் அட்டை எடுத்தால்
வருடத்துக்கு இரண்டாயிரத்து இருநூற்றெட்டு வரும்,
மூவாயிரம் போகும்.
சாமானும் வாங்கி, வங்கிக்கு
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபா மொய்யும் வைக்கவேணும்.
நீலம் என்றால் மாதம் தொள்ளாயிரத்து இருபது.
"நீலம்தான்" என்றார் குகராஜ்,
சேட்டைக் கழற்றிக்கொண்டே.
நான் இரண்டு மணித்தியாலம் கூட்டியதை
அவர் நிறத்தைப் பார்த்தே சொன்னார்.

இரண்டாம் பக்கம்.
பிரதான அட்டைதாரர்: அவர். மின்சார சபை, சம்பளப் பட்டியல் இணைப்பு.
துணை அட்டைதாரர்: நான்.
பாலர் பாடசாலையில் எனக்குத் தருவது சம்பளமில்லை, கொடுப்பனவு.
வருமானம் என்ற பெட்டிக்குள்
அது போகாதாம்.

அடியில் ஒரு வரி:
துணை அட்டையின் ஒவ்வொரு கொள்வனவும்
பிரதான அட்டைதாரரின் கைபேசிக்கு உடன் அறிவிக்கப்படும்.

சுன்னாகத்தில் அவர் பொக்கற் துடிப்பதை நினைத்துப் பார்த்தேன்.
பால்மா. துடிப்பு.
சவர்க்காரம். துடிப்பு.
கூடாத மனிசன் இல்லை.
கணக்குக் கேட்கமாட்டார்.
இரவு பிட்டைக் குழைத்தபடி,
"இண்டைக்கு நல்லூரடியிலயோ நிண்டனீர்?"
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுக்குத்தான் எனக்குப் பயம்.

ஏனென்றால் சனிக்கிழமைகளில்
சந்தை முடிந்து, கடை முடிந்து,
நல்லூர் பின்வீதியில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஒரு கப் ஐஸ்கிறீம் தனியச் சாப்பிடுகிறேன்.
காலடியில் மீன் பை. முந்திரி வற்றல் இரண்டைக்
கடைசிக்கு மிச்சம் பிடிப்பேன்.
பதினொரு வருடம். ஒருவருக்கும் தெரியாது.
கணக்குக் கொப்பியில் அதற்குப் பெயர்
கொத்தமல்லி.
எங்கள் வீட்டில் இவ்வளவு கொத்தமல்லி
ஆரும் அவித்துக் குடித்ததில்லை.

கையெழுத்து வைத்தேன்.
பத்தாம் நாள் அட்டை வந்தது,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
பால்மாவுக்கு நீட்டினேன், மெஷின் கீச்சிட்டது,
சுன்னாகத்துக்குச் செய்தி போயிருக்கும்.
பின்வீதியில் மட்டும்
பழைய பேசைத் திறந்தேன்.

மாதக் கடைசியில் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.
"பாத்தீரோ, தொள்ளாயிரத்து இருபது திரும்பி வந்திருக்கு."
"அதை எனக்குக் காசாத் தாரும்."
தொள்ளாயிரம் எண்ணித் தந்தார்.
இருபதுக்குச் சில்லறை இல்லையாம்.
"என்னத்துக்கு?"
"கொத்தமல்லிக்கு."

தடிமனோ என்று
நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.
"சுடேல்லை" என்றார்,
நிம்மதியாக.